மூக்கை ஆட்டினா கலர் வருமா?

சூனியக்காரின்னா வளைஞ்ச மூக்கு, துடைப்பக்கட்டை, கர்ண கொடூரமான சிரிப்பு. இந்த பிம்பத்தை அமெரிக்க டிவியில் போட்டு உடைத்த காமெடி சீரியல் 'பிவிட்ச்டு'. 1964 செப்டம்பர் 17 அன்று ஏபிசி சேனலில் ஆரம்பித்து 1972 மார்ச் வரை ஓடியது. எட்டு சீசன், 254 எபிசோடு!

கதை ரொம்ப சிம்பிள். சமந்தா என்கிற அழகான சூனியக்காரி, டேரின் என்கிற விளம்பரக் கம்பெனி ஆசாமியைக் கல்யாணம் பண்ணிக்கொள்கிறாள். 'இனிமே மந்திரம் கிந்திரம் எதுவும் கூடாது' என்பது மாப்பிள்ளையோட கண்டிஷன். மாமியார் எண்டோரா சும்மா விடுவாரா? மாப்பிள்ளை பேரைக்கூட ஒழுங்காச் சொல்லமாட்டார். மிச்சத்தை நீங்களே ஊகிச்சுக்கலாம் :-)

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் ஏது? கேமராவை நிறுத்துவார்கள். நடிகர்கள் சிலை மாதிரி அப்படியே நிற்பார்கள். ஆட்கள் ஓடிவந்து ஒரு பொருளை வைப்பார்கள், இல்லை எடுப்பார்கள். மறுபடி கேமரா ஓடும். அவ்வளவுதான் மந்திரம்! சமந்தாவாக நடித்த எலிசபெத் மான்ட்கமரி மூக்கை ஆட்டுற மாதிரி தெரியும். உண்மையில் ஆடுவது மேல் உதடு.

சரி, விஷயத்துக்கு வருவோம். முதல் இரண்டு சீசன், அதாவது 74 எபிசோடு, கறுப்பு வெள்ளை. அமெரிக்காவின் மூன்று பெரிய நெட்வொர்க்குகளும் இரவு நேர நிகழ்ச்சிகளை முழுக்கக் கலருக்கு மாற்றியது 1966-67 சீசனில்தான். பிவிட்ச்டும் அப்போதான் கலருக்குப் போனது. அப்புறம் என்ன, மறுஒளிபரப்பில் பல சேனல்கள் கலர் எபிசோடுகளை மட்டும் சுற்றிச் சுற்றிப் போட, பழைய 74-ம் ஓரங்கட்டப்பட்டன.

2005 ஜூனில் சோனி முதல் சீசனை டிவிடியில் கொண்டுவந்தது. அதே வாரம்தான் நிக்கோல் கிட்மன் நடித்த சினிமாவும் ரிலீஸ். (வியாபாரம்னா இப்படி இருக்கணும்!) டிவிடி வந்தது இரண்டு விதமாக. ஒன்று ஒரிஜினல் கறுப்பு வெள்ளை, இன்னொன்று கம்ப்யூட்டரில் கலர் பூசினது. அக்டோபரில் வந்த இரண்டாவது சீசனும் அப்படியே. 2006-ல் 'ஐ டிரீம் ஆஃப் ஜீனி' முதல் சீசனுக்கும் இதே வைத்தியம்.

கலர் பூசலாமா கூடாதா? 'கறுப்பு வெள்ளையா? வேற சேனல் மாத்து' என்கிற ஆட்களை உள்ளே இழுக்க கலர் உதவும், ஒத்துக்கறேன். ஆனால் அந்த லைட்டிங், மேக்கப், செட் எல்லாமே கறுப்பு வெள்ளையில் எப்படித் தெரியும்னு யோசித்துச் செய்தவை. நாற்பது வருஷம் கழித்து யாரோ பூசுகிற சாயம் அந்த ஒளிப்பதிவாளர் பார்த்த காட்சி ஆகாது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஆலிஸ் பியர்ஸ். ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து, "ஆப்னர்ர்ர்!" என்று புருஷனைக் கூப்பிட்டு அலறுகிற பக்கத்து வீட்டு கிளாடிஸ். இந்த வேஷத்துக்கு வரும்போதே அவருக்குப் புற்றுநோய். அதை மறைத்துக்கொண்டு சிரிக்க வைத்தார். 1966 மார்ச்சில் காலமானார். அந்த வருஷமே எம்மி விருது, அவர் இறந்த பிறகு. அவர் நடித்த அத்தனை எபிசோடும் அந்த ஓரங்கட்டின கறுப்பு வெள்ளைக் கணக்கில்தான் வரும். மறுஒளிபரப்பில் கலர் எபிசோடு மட்டும் பார்த்தவர்களுக்கு, அவருக்கு அப்புறம் வந்த சாண்ட்ரா கூல்டுதான் கிளாடிஸ்.

அதனால, டிவிடி வெறும் வியாபாரம்னு தள்ளிட முடியலை. சேனல்கள் ஒதுக்கினதை மறுபடி கடைக்குக் கொண்டுவந்தது அதுதான். பூசுறவங்க தாராளமா கலர் பூசட்டும். பக்கத்துலயே ஒரிஜினலும் இருக்கணும், அவ்வளவுதான். சோனி அன்றைக்கு அதைச் செய்தது.

ரெண்டும் கிடைத்தால் கறுப்பு வெள்ளையையே எடுங்க மக்களே. அந்த அம்மா ஜன்னல்ல முழிக்கிற முழிக்கு கலரே தேவையில்லை.