முத்துக்குப் போனவர்கள் கண்ட புழு

மன்னார் வளைகுடாவில் புழுவுக்காக மூச்சடக்கி இறங்கியவர் யாரும் இல்லை. முத்துக்கும் சங்குக்கும்தான் இறங்கினார்கள். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் 1890இல் வெளியிட்ட குறிப்புகளும் முத்துக்குளிப்பு, சங்குக்குளிப்பு பற்றியவைதான். அந்தக் கடலின் மற்ற உயிர்கள் கூடவே வந்து சேர்ந்தன. இலங்கைக் கரையில் முத்துச் சிப்பி ஏன் அடிக்கடி பொய்த்துப்போகிறது என்று பார்க்க 1902இல் பேராசிரியர் ஹெர்ட்மன் வந்தார், ஜேம்ஸ் ஹார்னெல் துணையாக. சிப்பியோடு அள்ளி வந்த புழுக்களை ஆர்தர் வில்லி உட்கார்ந்து வகை பிரித்தார். அவர் எழுதியது முத்து அறிக்கைக்குள்ளேயே ஒரு பகுதியாக 1905இல் அச்சானது.

என் வீட்டு உப்புநீர்த் தொட்டியில் இருக்கும் ஃபெதர் டஸ்டர் என்ற விசிறிப் புழுவின் உறவுக்காரர்களைப் பற்றி நம் பக்கத்துக் கடலில் எழுத்து சேர்ந்தது இப்படித்தான். ஒரு முத்து வியாபாரக் கவலையின் ஓரத்தில். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

தர்ஸ்டன் முயற்சியில் உருவான மெரினா மீன் காட்சியகம் 1909இல் மக்களுக்குத் திறந்தது. அங்கே கூட்டம் மீனைப் பார்க்கத்தான் வந்தது. புழுவுக்கான வேலை எழும்பூரில், அதே அருங்காட்சியகத்தில் நடந்தது. குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றி அருங்காட்சியகம் 1927இல் தனி வெளியீடு போட்டது. பாம்பன் பக்கத்தில் இருக்கும் சின்னத் தீவு அது. சென்னை சேகரிப்பில் இருந்த, ஃபெதர் டஸ்டரும் அடங்கும் பல்சுணைப் புழுக்களைப் பற்றி பிரெஞ்சுக்காரர் பியர் ஃபோவெல் எழுதியது 1930இல் வந்தது. 1942இல், ஜப்பான் குண்டு விழும் என்ற பயத்தில் மெரினா காட்சியகத்தை மூடினார்கள். அதே ஆண்டில் எம்.டி. பால் என்பவரின் ஆய்வு வெளிவந்தது: சென்னைத் துறைமுகத்தில் ஒட்டி வளரும் உயிர்கள் எவ்வளவு வேகமாக வளர்கின்றன, எப்போது இனம் பெருக்குகின்றன என்று. அப்படி ஒட்டுகிறவற்றில் ஒன்று சுண்ணாம்புக் குழல் கட்டும் ஹைட்ராய்டிஸ், ஃபெதர் டஸ்டரின் நெருங்கிய சொந்தம். கப்பல்காரர்கள் அதை அடிப்பலகையிலிருந்து சுரண்டி எறிவார்கள்.

யாரும் தீனி போடாமலே துறைமுகத்தில் அது அப்படி மண்டுகிறதே, அதுதான் என்னை நிறுத்தியது. நான் பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் ஓர் உதிரிபாக ஆலையில் ஆர்.ஓ. பிளான்ட் பார்க்கிறேன். போர் தண்ணி உள்ளே போய், டி.டி.எஸ். மீட்டரில் எண் இறங்கி வெளியே வந்தால் ஷிப்ட் நிம்மதி. இங்கிருந்து கடலுக்கு சுமார் 40 கிலோமீட்டர். வீட்டுத் தொட்டிக்கும் ஆர்.ஓ. தண்ணீர்தான், உப்புக் கலவை கரைத்து அடர்த்தியை 1.025க்குக் கொண்டுவருகிறேன். அதில் உப்பு, கால்சியம், மெக்னீசியம் எல்லாம் சரியாக இருக்கும். சாப்பாடு மட்டும் இருக்காது. ஃபெதர் டஸ்டர் இரை தேடிப் போவதில்லை. விசிறி இழைகளில் இருக்கும் நுண்மயிர்கள் தண்ணீரை இழுத்து, துணுக்குகளைப் பிடித்து, இழையின் நடு வாய்க்கால் வழியாக வாய்க்கு அனுப்பும். வழியிலேயே அளவு பார்த்துப் பிரிக்கும்: பொடிசு உணவு, பெரிசு கழிவு, இடைப்பட்டதில் கொஞ்சம் கூடு கட்ட. கடலில் தண்ணீரே சோறு. தொட்டியில் அதை நாம்தான் போட வேண்டும்.

எதைப் போடுவது என்பதற்கும் இங்கே முத்துதான் வழிவிட்டது. தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி குழு, 1981இல் முத்துச் சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் வளர்த்துக் காட்டியது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் குஞ்சுகளுக்குப் போட்ட தீனி ஐசோகிரைசிஸ் என்ற நுண்பாசி, அதுவும் உயிரோடு. தொட்டி வைத்திருக்கும் நாங்கள் இன்று பாட்டிலில் காற்றடித்து வளர்க்கும் பைட்டோ என்ற நுண்பாசித் தண்ணீர் அந்த வேலையின் சின்ன உருவம்தான்.

இரவு ஷிப்ட் இல்லாத நாளில் ஒன்பது மணி வாக்கில் மோட்டாரை நிறுத்துவேன். சிரிஞ்சில் பச்சைத் தண்ணீர் எடுத்து, விசிறிக்கு நேரே பீய்ச்சாமல் கொஞ்சம் மேலே தள்ளி மெல்ல விடுவேன். கை நிழல் விழுந்தாலே சடக்கென்று கூட்டுக்குள் போய்விடும். பொறுத்தால் ஒவ்வொரு இழையாக வெளியே வரும். கால் மணி நேரம் கழித்து மோட்டார். மறக்கக் கூடாது, தொட்டியில் மற்ற உயிர்களுக்கு மூச்சு முட்டும்.

கொளத்தூரில் நான் மீன் வாங்கும் கடைக்காரர் ஒருமுறை சொன்னார்: “பூ உதிர்ந்துருச்சுன்னு கூட்டத் தூக்கிப் போட்டுராதீங்க தம்பி, உள்ள உசுரு இருக்கும்.” உண்மைதான். அலைச்சலிலோ தண்ணீர் மாற்றத்திலோ விசிறியை உதிர்த்துவிட்டு, சில வாரங்களில் சின்னதாகப் புதியது முளைக்க வைக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் முளைப்பது முந்தையதைவிடச் சிறிதாகிக்கொண்டே போனால் அது பசி. தொட்டி பளிச்சென்று இருக்கிறது என்று சந்தோஷப்படுகிற வீடுகளில்தான் இது அதிகம் நடக்கிறது. புதிதாக ஆரம்பிக்கும் பையன்கள் கேட்டால் நான் புழுவின் விலையைச் சொல்வதில்லை. முதலில் ஜன்னலோரம் ஒரு பாட்டிலில் பைட்டோ பச்சை பிடிக்கட்டும், தொட்டி சில மாதம் ஓடட்டும், புழு வாங்கக் கொளத்தூருக்கு அப்புறம் போகலாம் என்பேன்.