ராமானுஜன் பெயரில் இரண்டு பரிசுகள், இரண்டு விதிமுறைகள்

வங்கியில் வருஷக்கணக்காகக் குப்பை கொட்டியவனுக்கு ஒரு வியாதி வந்துவிடும். எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் முதலில் கண் போவது விதிமுறைகளுக்குத்தான். தொகை, புகைப்படம், பாராட்டுரை எல்லாம் அப்புறம். யாருக்குத் தகுதி, என்ன வயது, எந்தத் தேதி வரை, எங்கே செய்த வேலை... இதைப் படித்தால்தான் விதியை எழுதியவர் மனதில் என்ன இருந்தது என்று தெரியும்.

போலந்தும் ஜெர்மனியும் சேர்ந்து கொடுக்கும் கோபர்நிகஸ் பரிசின் விதிகளை அப்படித்தான் படித்தேன். 2006-இல் தொடங்கிய பரிசு, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. தனி ஆளுக்குக் கிடையாது. ஜெர்மனியில் வேலை செய்யும் ஒருவரும் போலந்தில் வேலை செய்யும் ஒருவரும் சேர்ந்து ஆராய்ச்சி செய்திருக்க வேண்டும். தொகை ஆளுக்குப் பாதி. கோபர்நிகஸ் 1473-இல் தோருன் என்ற ஊரில் பிறந்தவர். அவர் எங்களவர் என்று இரண்டு நாட்டுக்காரர்களும் வெகுகாலம் மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் அந்தப் பெயரிலேயே ஒரு பரிசு வைத்து, சேர்ந்து உழைத்தால்தான் தருவோம் என்று விதி எழுதிவிட்டார்கள். நல்ல யோசனை.

சரி, நம் பக்கம் இப்படி நாடுகள் சேர்ந்து கொடுக்கும் பரிசு ஏதாவது உண்டா? உண்டு. அதுவும் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த நம் சீனிவாச ராமானுஜன் பெயரில். ஒன்று அல்ல, இரண்டு பரிசுகள் இருக்கின்றன. இரண்டும் முதன்முதலில் வழங்கப்பட்டது 2005-இல். ஒன்றை நாடுகள் சேர்ந்து கொடுக்கின்றன, மற்றதை நம் ஊர்ப் பல்கலைக்கழகம் கொடுக்கிறது. பெயர் ஒன்று, விதிகள் மட்டும் நேர் எதிர். வெளியூரிலும் வெளிநாட்டிலும் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு அந்த வித்தியாசம் முக்கியம் என்று நினைக்கிறேன். அதற்குத்தான் இவ்வளவு பீடிகை.

முதலில் கும்பகோணத்துப் பரிசு. சாஸ்த்ரா பல்கலைக்கழகம் கொடுப்பது. தொகை 10,000 டாலர். ராமானுஜனின் பிறந்த நாளான டிசம்பர் 22-ஐ ஒட்டிக் கும்பகோணத்தில் விழா. வயது வரம்பு 32. ஏன் 32? ராமானுஜன் 1887-இல் பிறந்து 1920 ஏப்ரல் 26-இல் இறந்தபோது அவருக்கு 32 வயதுதான். அவர் வாழ்ந்த அளவுக்குள் நீ என்ன செய்தாய் என்று கேட்கிறது அந்த விதி. ஆனால் எந்த நாட்டுக்காரர், எங்கே உட்கார்ந்து கணக்குப் போட்டார் என்று கேட்பதில்லை. ராமானுஜன் தொட்ட துறைகளில் வேலை செய்திருந்தால் போதும்.

அதனால் பட்டியலில் உலகமே இருக்கிறது. முதல் வருஷம் மஞ்சுள் பார்கவா, சென்னையில் வளர்ந்து அமெரிக்கா போன கண்ணன் சௌந்தரராஜன். 2006-இல் ஆஸ்திரேலியாவில் பிறந்த டெரன்ஸ் டாவ். 2008-இல் அக்ஷய் வெங்கடேஷ். டெல்லியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, இரண்டு வயதில் பெற்றோருடன் பெர்த் நகரத்துக்குப் போனவர் அவர். 2013-இல் ஜெர்மனியின் பீட்டர் ஷோல்ட்சே, 2017-இல் உக்ரைனின் மரீனா வியாசோவ்ஸ்கா. இவர்களில் பார்கவா 2014-இலும், அக்ஷய், ஷோல்ட்சே இருவரும் 2018-இலும், வியாசோவ்ஸ்கா 2022-இலும் ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கினார்கள். கணிதத்தில் அதற்கு மேல் பெரிய பெயர் அதிகம் இல்லை. அவர்களுக்கு முன்கூட்டியே ஆள் பிடித்துக் கொடுத்திருக்கிறது கும்பகோணம்!

இப்போது இரண்டாவது பரிசு. இது இத்தாலியின் ட்ரியஸ்ட் நகரத்திலிருந்து வருகிறது. பாகிஸ்தான் விஞ்ஞானி அப்துஸ் சலாம் 1964-இல் அங்கே நிறுவிய கோட்பாட்டு இயற்பியல் மையமும் சர்வதேசக் கணித யூனியனும் சேர்ந்து நடத்துகின்றன. ஆரம்ப வருஷங்களில் பணம் கொடுத்தது நார்வே. நீல்ஸ் ஹென்ரிக் ஏபெல் என்ற தங்கள் கணித மேதையின் பெயரில் இருக்கும் நிதியிலிருந்து கொடுத்தார்கள். ஏபெலும் வறுமையில் வாடி, காசநோயால் 1829-இல் 26 வயதில் போனவர். பெர்லினில் அவருக்கு வேலை கிடைத்துவிட்டது என்ற கடிதம் அவர் இறந்து இரண்டு நாள் கழித்து எழுதப்பட்டது. அப்படிப்பட்டவர் பெயரில் இருக்கும் பணம் ராமானுஜன் பெயரில் போனது பொருத்தம்தான். 2014 முதல் நார்வேக்குப் பதிலாக நம் இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை பணம் கொடுக்க ஆரம்பித்தது. அந்த அலுவலகம் எங்கள் கிட்வாய் நகருக்குத் தெற்கே, மெஹ்ரோலி சாலையில் இருக்கிறது.

இதன் விதிகள் வேறு மாதிரி. தொகை 15,000 டாலர். பரிசு வருஷத்தின் டிசம்பர் 31 அன்று 45 வயதுக்குள் இருக்க வேண்டும். வளரும் நாட்டைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும், ஆராய்ச்சியும் வளரும் நாட்டில் செய்ததாக இருக்க வேண்டும். ஆக, ஸ்டான்ஃபோர்டில் இருக்கும் சௌந்தரராஜனுக்கு இது கிடையாது. பெர்த்தில் வளர்ந்த அக்ஷய்க்கும் கிடையாது. கும்பகோணம் ஓடி வந்து கைகுலுக்கிய ஆட்களை ட்ரியஸ்ட் வாசலிலேயே நிறுத்திவிடும்.

அநியாயமா? முதலில் அப்படித்தான் தோன்றும். ஆனால் இதில் இன்னொரு விதி இருக்கிறது. தேர்வுக்குழு ஆராய்ச்சியின் தரத்தை மட்டும் பார்த்தால் போதாது, அந்த ஆள் எந்தப் பின்னணியிலிருந்து வந்தார், எந்தச் சூழலில் அந்த வேலையைச் செய்தார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு பெரிய பரிசின் விதிமுறையில் இப்படி ஒரு வரி இருப்பது அபூர்வம். இங்கே சம மதிப்பெண் வாங்கிய இருவர் சமம் இல்லை. நல்ல நூலகமும் வழிகாட்டியும் இல்லாமல் வாங்கியவர் ஒரு படி மேல்.

2006-இல் இந்தப் பரிசை வாங்கிய முதல் இந்தியர் சுஜாதா ராம்தோராய். பெங்களூரில் பி.எஸ்ஸி., பிறகு 1985-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தபால்வழிக் கல்வியில் எம்.எஸ்ஸி. தபால்வழி என்றாலே உதட்டைப் பிதுக்கும் ஆட்கள் நம் குடும்பங்களில் எத்தனை பேர்! அங்கிருந்து மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனம் போய், எண் கணிதத்தில் உலகம் திரும்பிப் பார்க்கும் வேலை செய்தார். பின்னாளில் அவரும் கனடாவின் வான்கூவர் போனார். ஆனால் பரிசு, மும்பையில் செய்த வேலைக்கு.

டெல்லியிலேயே பிறந்த ஒரு பரிசையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். எங்கள் குடியிருப்புக்குப் பெயர் கொடுத்த ரஃபி அகமது கிட்வாயின் பெயரில் பார்லிமென்ட் பக்கம் ஒரு சாலை இருக்கிறது. அதில்தான் சி.எஸ்.ஐ.ஆர். தலைமையகம். அவர்கள் 1957-இல் ஏற்படுத்தியது சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு. 1958-இல் முதல் பரிசு யாருக்கு? விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனுக்கு. சர் சி.வி. ராமனோடு 1928-இல் ராமன் விளைவு ஆராய்ச்சியில் இருந்தவர், டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். பூசா பக்கம் போகிற டெல்லித் தமிழர்கள் டாக்டர் கே.எஸ். கிருஷ்ணன் மார்க் என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். அவர்தான்.

பரிசு வாங்கும்போது கிருஷ்ணனுக்கு 59 வயது. பிற்காலத்தில் இந்தப் பரிசுக்கு வயது வரம்பு 45 என்று இருந்தது. அந்த விதிப்படி பார்த்தால் முதல் பரிசு வாங்கியவருக்கே தகுதி இல்லை! கூடவே, முந்தைய ஐந்து வருஷங்களில் இந்தியாவில் செய்த வேலையாக இருக்க வேண்டும் என்றும் விதி. 45 என்ற கோடு பெண்களை எப்படிப் பாதிக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிள்ளை பெற்று, பள்ளிக்கு அனுப்பி, மூச்சு விடும்போது வயது நாற்பது. 1961-இல் அசீமா சாட்டர்ஜி இந்தப் பரிசை வாங்கிய முதல் பெண்மணி. 2022-ஆம் வருஷத்துப் பட்டியலில் இருந்த 12 பேரில் ஒரு பெண்கூட இல்லை. பிறகு தேசிய அளவில் விருதுகளை மாற்றி அமைத்தார்கள். 2024-இல் முதன்முறையாக ராஷ்டிரிய விஞ்ஞான் புரஸ்கார் வழங்கப்பட்டது. பட்நாகர் பெயர் அதில் இளைஞர் பிரிவில் இருக்கிறது, 45 வயது வரம்போடு. ஆனால் வெளிநாட்டில் இருக்கும் இந்திய வம்சாவளியினருக்கும் கதவைத் திறந்திருக்கிறார்கள்.

இவ்வளவும் படித்தபின் எனக்கு ஒரு கேள்வி வந்தது. ராமானுஜனே விண்ணப்பித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இதற்கு 1913-இல் சென்னையில் ஒரு பதில் இருக்கிறது. ராமானுஜன் எஃப்.ஏ. பரீட்சையில் தோற்றவர். கணக்கைத் தவிர வேறு எதையும் படிக்கவில்லை, அதனால் பட்டம் இல்லை. 1912 மார்ச்சில் மதராஸ் துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் குமாஸ்தா. சம்பளம் மாதம் 30 ரூபாய். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் தன்னை அப்படித்தான் அறிமுகம் செய்துகொண்டார். அடுத்த மாதம், வானிலைத் துறைத் தலைவராக இருந்த கணித அறிஞர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்து அவருடைய நோட்டுகளைப் பார்த்தார். இவருக்கு உதவுங்கள் என்று பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் அனுமந்த ராவ் கணிதப் பாடத்திட்டக் குழுவைக் கூட்டினார். மாதம் 75 ரூபாய், இரண்டு வருஷம் ஆராய்ச்சி உதவித்தொகை தரலாம் என்று சிபாரிசு.

விஷயம் சிண்டிகேட்டுக்குப் போனது. அங்கே விதி குறுக்கே வந்தது. அந்த உதவித்தொகை எம்.ஏ. படித்தவர்களுக்கு மட்டும். இவரோ எஃப்.ஏ.வே தேறாதவர். வேறு யாராக இருந்தாலும் கோப்பு அங்கேயே மூடப்பட்டிருக்கும். (நாம் பார்க்காத கோப்புகளா!) அப்போது நீதிபதி சுந்தரம் ஐயர் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். பல்கலைக்கழகச் சட்டத்தின் முகவுரையைப் பாருங்கள், ஆராய்ச்சியை வளர்ப்பதும் இதன் வேலை என்று எழுதியிருக்கிறதே என்றார். கீழே இருக்கும் விதி, மேலே இருக்கும் நோக்கத்தைத் தடுக்கலாமா? ஏப்ரலில் உதவித்தொகை உறுதியானது.

ஒரே ஒரு நிபந்தனை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை தர வேண்டும். நாங்கள் காலாண்டு ரிட்டர்ன் அனுப்புவது மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். ராமானுஜனும் ஒழுங்காக மூன்று அறிக்கைகள் கொடுத்தார். கடைசி அறிக்கை 1914 மார்ச்சில், அதே மாதம் 17-ஆம் தேதி கப்பல் ஏறிவிட்டார். இன்று கணித உலகம் ராமானுஜனின் மாஸ்டர் தியரம் என்று சொல்வது அந்த அறிக்கைகளில்தான் இருக்கிறது. விதிக்காக எழுதிய காகிதம்!

கேம்பிரிட்ஜிலும் இதே கதைதான். பட்டம் இல்லாதவரை விதியைத் தளர்த்திச் சேர்த்துக்கொண்டு, 1916-இல் ஆராய்ச்சிக்காக பி.ஏ. கொடுத்தார்கள். 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1919-இல் நோயோடு ஊர் திரும்பியவர் அடுத்த ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் மாக் தீட்டா சார்புகள் என்ற புதிய விஷயத்தைச் சொன்னார். மதராஸில் படுக்கையில் இருந்தபடி செய்த வேலை அது. அந்த இழையைப் பிடித்துக்கொண்டு ஆராய்ந்த ஜெர்மானியப் பெண் காத்ரின் பிரிங்மான் 2009-இல் கும்பகோணத்துப் பரிசு வாங்கினார்.

ஆக, எது சரியான விதி? எனக்கு இரண்டுமே வேண்டும். எங்கிருந்தாலும் வேலையைப் பார் என்கிற கும்பகோணத்து விதி, நம்மைப் போல ஊரைவிட்டு வந்தவர்களின் பிள்ளைகளுக்கானது. எந்த நிலைமையில் செய்தார் என்று பார் என்கிற ட்ரியஸ்ட் விதி, ஊரிலேயே இருந்து தபால்வழியில் படிக்கும் பிள்ளைக்கானது. 1913-இல் சிண்டிகேட் ஒரு ஆளுக்காகச் செய்த விதிவிலக்கு, தொண்ணூறு வருஷம் கழித்து அந்த ஆளின் பெயரிலேயே விதியாக எழுதப்பட்டுவிட்டது. நான் படித்த விதிமுறைகளிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த வரிதான்.

லீவில் ஊருக்குப் போகிறவர்கள் கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் ராமானுஜன் வீட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சாஸ்த்ரா 2003-இல் வாங்கிப் பராமரிக்கிற வீடு அது. கனவில் நாமகிரித் தாயார் வந்து சூத்திரம் சொன்ன கதையை எல்லோரும் சொல்வார்கள். அந்த நீதிபதி முகவுரையைப் படித்துக் காட்டிய கதையையும் கூடச் சொல்லுங்கள்.