கறள் பிடித்த உடுப்புகள்

1993ம் ஆண்டு லண்டனில் உடை வடிவமைப்புப் பயின்ற ஒரு மாணவர், தனது இறுதிப் பரீட்சைக்கான உடுப்புகளைத் தைத்து முடித்தார். இந்தக் கட்டத்தில் மாணவர்கள் வழக்கமாகச் செய்வது, உடுப்புகளை அயன் பண்ணி, உறை போட்டுக் கொழுவி, தூசு படாமல் காப்பதுதான். இவரோ அவற்றின் மேல் இரும்புத் தூளைத் தூவினார். நண்பர் ஒருவரின் வீட்டுத் தோட்டத்தில் குழி வெட்டி அவற்றைப் புதைத்தார். சில வாரங்கள் கழித்துத் தோண்டி எடுத்து, கறளும் மண்ணும் படிந்த அந்தக் கோலத்திலேயே பரீட்சகர்கள் முன் காட்சிக்கு அனுப்பினார்.

மாணவரின் பெயர் ஹுசேன் ஷலாயன். படித்த இடம் சென்ற் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரி. ஒரு மாணவரின் பரீட்சை வேலை எம்மைப் போன்றவர்களுக்கு ஏன் முக்கியம் என்று கேட்கலாம். அதற்குப் பதில் சொல்ல, முதலில் அவர் பிறந்த தீவுக்குப் போக வேண்டும்.

ஷலாயன் 1970ல் சைப்பிரசின் தலைநகரான நிக்கோசியாவில், துருக்கி மொழி பேசும் குடும்பமொன்றில் பிறந்தவர். சைப்பிரசின் கதை எமக்கு அந்நியமானதல்ல. பிரித்தானியர் ஆண்ட ஒரு தீவு. இரண்டு மொழி, இரண்டு மதம். பெரும்பான்மை கிரேக்கர், சிறுபான்மை துருக்கியர். 1960ல் சுதந்திரம் கிடைத்தது. நாலு வருடம் கழிவதற்குள், 1963 டிசம்பரில், இனக்கலவரம் வெடித்தது. துருக்கியக் கிராமத்தவர் பலர் வீடு வாசலை விட்டுவிட்டுத் தமது ஆட்கள் செறிந்திருந்த ஒடுங்கிய பகுதிகளுக்குள் ஒதுங்கினார்கள். அந்த நாட்களில் ஒரு பிரித்தானியத் தளபதி வரைபடத்தின் மேல் பச்சைப் பென்சிலால் நகரின் குறுக்கே ஒரு கோடு கீறினார். அதுவே 'பச்சைக் கோடு' என்று நிலைத்துவிட்டது. 1974 ஜூலையில் கிரேக்க இராணுவ ஆட்சியின் தூண்டுதலில் ஒரு சதிப்புரட்சி நடந்தது. அதைச் சாட்டாக வைத்துத் துருக்கிப் படைகள் வந்திறங்கின. தீவு இரண்டாகப் பிளந்தது. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கிரேக்கர் தெற்கே ஓடினார்கள். பல்லாயிரக்கணக்கான துருக்கியர் வடக்கே ஓடினார்கள். அப்போது ஷலாயனுக்கு நாலு வயதுகூட நிரம்பவில்லை. பின்னர் சிறுவனாக இருக்கையிலேயே தகப்பனுடன் லண்டனுக்கு வந்தார். பள்ளிப் பருவம் தீவுக்கும் லண்டனுக்கும் இடையில் அலைந்து கழிந்தது.

அவருடைய குடும்பப் பெயர் துருக்கியில் 'சாலயான்' என்று ஒலிக்கும். அருவி என்பது பொருள். ஆங்கிலேயரின் வாய்க்கு ஏற்றபடி எழுத்து மாறி இப்போதைய பெயர் வந்தது. ஐந்தாறு அசை கொண்ட எமது பெயர்கள் வேலைத்தளங்களில் இரண்டு அசையாக நறுக்கப்பட்ட கதையை நாம் ஒவ்வொருவரும் அறிவோம்.

இனிக் கல்லூரிக்கு வருவோம். சென்ற் மார்ட்டின்ஸ் 1854ல் ஒரு தேவாலயத்தின் ஆதரவில் தொடங்கப்பட்ட பள்ளி. 1930களில் மியூரியல் பெம்பர்ட்டன் என்ற பெண்மணி அங்கே உடை வடிவமைப்பைக் கற்பிக்கத் தொடங்கினார். தையல் என்பது கைத்தொழில், ஓவியம் என்பது கலை என்று பிரித்துப் பார்த்த காலத்தில், உடையையும் ஓவியத்தின் பக்கத்தில் இருத்திக் கற்பித்தது அவர் செய்த பெரிய காரியம். 1989ல் அந்தப் பள்ளி இன்னொரு கலைப் பள்ளியுடன் இணைந்து, சென்ற்ரல் சென்ற் மார்ட்டின்ஸ் ஆனது. ஷலாயன் படித்த காலத்தில் அது சேரிங் குரொஸ் வீதியில், புத்தகக் கடைகளுக்கு நடுவே ஒரு பழைய கட்டிடத்தில் இயங்கியது. 2011ல் கிங்ஸ் குரொஸ் பகுதியிலுள்ள பழைய தானியக் களஞ்சியத்துக்கு இடம் மாறியது.

அங்கே மாணவர் செய்யும் வேலையின் ஒழுங்கு எளிமையானது. கையில் எப்போதும் ஒரு கீறல் புத்தகம். அதில் கண்டது, படித்தது, கிழித்து ஒட்டியது எல்லாம் சேரும். அதிலிருந்து ஓர் எண்ணம் பிறக்க வேண்டும். எண்ணம் படமாகும், படம் கடதாசி வெட்டாகும். கடதாசி வெட்டை வைத்து மலிவான பருத்தித் துணியில் ஒரு மாதிரியைத் தைத்து, உடம்பில் போட்டு, ஊசி குத்தித் திருத்திய பின்னர்தான் உண்மையான துணியில் கத்தரிக்கோல் படும். கடைசி வருடத்தில் சில உடுப்புகள் கொண்ட ஒரு தொகுப்பு. ஆசிரியர்கள் கேட்பது 'இதை யார் வாங்குவார்கள்' என்பதை மட்டுமல்ல. 'இதை ஏன் நீ செய்ய வேண்டும்' என்பதையும்தான். இரண்டாவது கேள்வியில்தான் மாணவர் தன் சொந்தக் கதையைத் தேட வேண்டியவராகிறார்.

அந்தக் கேள்வியைச் சந்திக்கும் வாய்ப்பு யாருக்குக் கிடைத்தது என்பதும் வரலாறுதான். அக்காலத்தில் பிரித்தானியாவில் முதற் பட்டப் படிப்புக்கு உள்ளூர் மாணவர் கட்டணம் கட்டத் தேவையில்லை. பெற்றோரின் வருமானத்தைப் பொறுத்து வாழ்க்கைச் செலவுக்கும் உதவிப் பணம் கிடைத்தது. ஜிப்ரால்ரரிலிருந்து வந்த ஒரு குழாய் வேலைக்காரரின் மகனான ஜோன் கலியானோ 1984ல் பிரெஞ்சுப் புரட்சிக் கால உடைகளை வைத்துத் தன் இறுதித் தொகுப்பைச் செய்தார். லண்டனின் 'பிரவுன்ஸ்' என்ற கடை அதை முழுதாக வாங்கியது. லண்டன் டாக்சி ஓட்டுநர் ஒருவரின் மகனான அலெக்சாந்தர் மக்குவீன் பதினாறு வயதில் பள்ளியை விட்டு, சவில் ரோ தையற்கடையில் கோட்டு தைக்கப் பழகியவர். முதுகலைப் படிப்புக்கு உதவிப் பணம் இல்லாததால், மாமி ஒருவர் காசு கொடுத்தார். 1992ல் அவர் காட்டிய தொகுப்பை இசபெலா புளோ என்ற பத்திரிகையாளர் 5,000 பவுணுக்குத் தவணை முறையில் வாங்கினார். 1990ல் மாணவர் கடன் வந்தது. 1998ல் 1,000 பவுண் கட்டணம் வந்தது. 2012ல் அது 9,000 ஆகியது. இன்று இப்படியான வீட்டுப் பிள்ளைகள் அதே கதவால் உள்ளே நுழைவது எவ்வளவு கடினம் என்பதை இந்த இலக்கங்களே சொல்லும்.

ஷலாயனின் தொகுப்புக்கு 'தொடுகோடு பாய்கிறது' என்ற பொருள்படும் தலைப்பு இருந்தது. உடுப்புகளுடன் அவர் எழுதிய ஒரு கதையும் சேர்ந்து வந்தது. புதைத்து எடுத்த உடுப்பில் நடந்த இரசாயனம் பெரிய மர்மமல்ல. ஈர மண்ணில் இரும்பு கறளாகும். கறள் நூலுக்குள் இறங்கிச் செம்மண் நிறத்தில் படியும். யாழ்ப்பாணத்தில் துணி தோய்த்த எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். கறள் பிடித்த கம்பிக் கொடியில் வெள்ளைச் சட்டையை விரித்தால் விழும் கோடு எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது. அது சாயம் மட்டுமல்ல, நூலையும் மெல்ல மெல்லத் தின்னும். சாதாரணமாக உடுப்பின் அழிவு என்று நாம் கருதுவதை அந்த மாணவர் உடுப்பின் வரலாறு என்று காட்டினார். புதிதாகத் தைத்த உடுப்புக்கு இறந்தகாலம் இல்லை. மண்ணுக்குள் போய் வந்த உடுப்புக்கு அது உண்டு.

கலியானோவின் தொகுப்பை வாங்கிய அதே 'பிரவுன்ஸ்' கடை, கறள் பிடித்த இந்த உடுப்புகளையும் தன் கண்ணாடிச் சாளரத்தில் வைத்தது. 1994ல் ஷலாயன் தன் பெயரில் தொழில் தொடங்கினார். கிழியாத ஒருவகைக் கடதாசியில், விமானத் தபால் உறையைப் போலச் சிவப்பும் நீலமும் கரையிட்ட உடுப்புகளை அவர் செய்தார். ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் 1995ல் வெளியிட்ட இசைத்தட்டின் அட்டைப் படத்தில் அணிந்திருப்பது அந்த மேலங்கிதான். மடித்து, விலாசம் எழுதி, தபாலில் போடக்கூடிய உடுப்பு! ஊரிலிருந்து வரும் நீலக் கடிதத்துக்காகத் தபாற்காரனைப் பார்த்திருந்த எமது தலைமுறைக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை.

மாணவப் பருவத்தில் மண்ணுக்குள் வைத்தது முழுதாக வெளியே வந்தது 2000 பெப்ரவரியில். லண்டன் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் ஒரு வெள்ளை அறை. நாலு கதிரை, வட்டமான ஒரு மர மேசை, தட்டில் சில வீட்டுப் பொருட்கள். ஒரு குடும்பம் வருகிறது, போகிறது. காட்சி முடிகிறபோது பெண்கள் கதிரை உறைகளைக் கழற்றி உடையாக அணிந்துகொள்கிறார்கள். கதிரைகள் மடிந்து சூட்கேஸ்கள் ஆகின்றன. கடைசியாக ஒரு பெண் மேசையின் நடுவே இறங்கி அதை மேலே இழுக்க, மேசை வளையம் வளையமாக எழுந்து பாவாடையாகிறது. அறை வெறுமையாகிறது. முந்திய வருடம் கொசோவோவிலிருந்து மக்கள் இலட்சக்கணக்கில் துரத்தப்பட்டதும், சைப்பிரசில் தன் சமூகம் ஓடியதும்தான் இதன் அடிப்படை என்று ஷலாயனே சொல்லியிருக்கிறார். ஓட வேண்டிய நேரத்தில் வீட்டில் எதைக் கொண்டு போவது? இந்தக் கேள்விக்கு அவர் கொடுத்த பதில்: வீட்டையே உடுத்திக்கொண்டு போவது.

இதைப் பாராட்டி மட்டும் நிறுத்திவிட முடியாது. கொசோவோ அகதிகள் அந்த அரங்கில் இருக்கவில்லை. இருந்தவர்கள் கொள்வனவாளரும் பத்திரிகையாளரும். அகதியின் அவலம் ஒரு மாலைநேரக் காட்சியாகிவிடுவதில் நெருடல் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. அதே வட லண்டனில் சைப்பிரஸ் அகதிகளும் குடியேறிகளும் பல பத்தாண்டுகளாகத் தையல் தொழிற்சாலைகளில் வேலை செய்தார்கள். பெண்கள் வீட்டு அறைக்குள் மெசின் வைத்து, உருப்படிக்கு இத்தனை பென்ஸ் என்று தைத்தார்கள். பிறகு எம்மவர் சிலரும் அந்த மெசின்களில் குந்தினார்கள். அந்தத் தையல்களின் கீழ் யாருடைய பெயரும் இல்லை. பெயர் பெற்ற ஷலாயனையும் சந்தை இலகுவில் விடவில்லை. 1999, 2000 ஆகிய இரு வருடங்களும் பிரித்தானியாவின் சிறந்த வடிவமைப்பாளர் விருது பெற்றவரின் நிறுவனம், 2001 தொடக்கத்தில் கடன் தாங்காமல் கலைக்கப்பட்டது. அவர் திரும்பவும் எழுந்தார். 2005 வெனிஸ் கலைக் கண்காட்சியில் துருக்கியின் சார்பில் பங்குபற்றினார். பின்னாளில் வியன்னாவிலும் பேர்லினிலும் மாணவர்களுக்குக் கற்பித்தார்.

இத்தனையையும் ஏற்றுக்கொண்ட பின்பும் அந்தத் தோட்டத்துக் குழி என் மனதை விட்டுப் போகவில்லை. 1995 ஒக்ரோபர் 30ந் திகதி இரவு வலிகாமத்துச் சனம் முழுவதும் மழைக்குள் தென்மராட்சிப் பக்கம் நடந்ததை எமது வாசகர்களுக்கு நான் விபரிக்கத் தேவையில்லை. புறப்படுமுன் பலர் பின்வளவில் கிடங்கு வெட்டித் தங்களால் தூக்க முடியாதவற்றைப் புதைத்தார்கள். என் தாயாரும் ஒரு தகரப் பெட்டியைப் புதைத்தார். அதற்குள் காணி உறுதியும் பாத்திரங்கள் சிலவும் அவருடைய கூறைச் சேலையும் இருந்தன. அடுத்த வருடம் திரும்பிப் போய்த் தோண்டியபோது பெட்டி கறள் தின்று ஓட்டையாகி இருந்தது. உறுதியை வாசிக்க முடிந்தது. சேலையை விரிக்க முடியவில்லை. மடிப்புக்கு மடிப்பு கையோடு வந்தது. அம்மா அதை எறியவில்லை. ஒரு துண்டை வெட்டி எனக்குக் கடிதத்துக்குள் வைத்து அனுப்பினார். சிவப்புக்கு மேல் கபிலமாய் ஒரு கறட்கறை. ஷலாயனின் உடுப்புகளைப் படத்தில் கண்ட நாளில் அந்தத் துண்டைத் தேடி எடுத்து மேசையில் வைத்துப் பார்த்தேன்.

மண்ணுக்குள் போன எல்லா உடுப்பும் யாரும் விரும்பிப் புதைத்தவையல்ல. சைப்பிரசில் 1963லும் 1974லும் காணாமற் போனவர்கள் இரண்டு தரப்பிலும் சேர்த்துச் சுமார் 2,000 பேர். 2006ல் இரு இனத்தவரும் சேர்ந்த குழுக்கள் அவர்களைத் தோண்டி எடுத்து அடையாளம் காணத் தொடங்கின. எலும்புகளுடன் சப்பாத்தும் பொத்தானும் துணித்துண்டும் வந்தன. 2025ல் யாழ்ப்பாணம் செம்மணியில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கண்டெடுக்கப்பட்டன. அவ்வருடம் ஓகஸ்ட் மாதத்தில், அங்கே கிடைத்த உடுப்புகளும் வளையல்களும் ஒரு பள்ளிக்கூடப் பையும் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டன. யாராவது தம் பிள்ளையின் சட்டையை அடையாளம் காண்பார்களா என்பதற்காக. தாய்மார் வரிசையில் நின்று பார்த்தார்கள்.

எமது பிள்ளைகளில் ஒருவர் உடை வடிவமைப்புப் படிக்கப் போகிறேன் என்றால், வீட்டில் இன்னமும் முகம் சுளிக்கிறோம். அது படிப்பா, தையற்காரன் வேலையா என்று கேட்கிறோம். வைத்தியம், பொறியியல், கணக்கியல் என்று விரலை மடிக்கிறோம். அந்தப் பிள்ளையின் கீறல் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று நாம் விரித்துப் பார்ப்பதில்லை. சட்டையில் ஒரு வாழ்க்கை தங்கியிருக்கும் என்பதைச் செம்மணியில் வரிசையில் நின்ற தாய்மார் அறிவார்கள். இருபத்திரண்டு வயது சைப்பிரஸ் மாணவன் ஒருவனுக்கும் அது தெரிந்திருந்தது. என்னிடமிருக்கும் சேலைத் துண்டை இன்னும் சில வருடங்களில் கறள் முழுதாகத் தின்றுவிடும். அதற்கு முன் அதை யாராவது ஒரு மாணவரின் கையில் கொடுக்க வேண்டும்.