பாதி மூட்டின் வீழ்ச்சியும் மீட்சியும்

முழங்கால் ஒரே மூட்டுதான். ஆனால் அதற்குள் மூன்று அறைகள் உண்டு. உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, முட்டிச்சில்லுக்குப் பின்னால் ஒன்று. மூட்டுத் தேய்மானம் பெரும்பாலும் உள்பக்க அறையில்தான் தொடங்குகிறது. வயதானவர்களின் கால் வில்லாக வளைவதற்கும் இதுவே முக்கியக் காரணம். தேய்ந்த அறையில் மட்டும் உலோகமும் பிளாஸ்டிக்கும் பொருத்துவது பகுதி மூட்டு மாற்று. தொடை எலும்பு, கீழ்க்கால் எலும்பு இரண்டின் முனைகளையும் முழுவதுமாகச் சீவி மூடுவது முழு மூட்டு மாற்று. இவற்றில் எது நல்லது என்பதற்கு மருத்துவ உலகம் சொன்ன பதில் ஐம்பது ஆண்டுகளில் இரண்டு முறை தலைகீழானது. பொருத்தும் கருவி மேம்பட்டது அதற்கு ஒரு காரணம். யாருக்குப் பொருத்துவது, எதைத் தோல்வி என்று கணக்கில் எழுதுவது என்ற பார்வை மாறியது அதைவிடப் பெரிய காரணம்.

பெர்லினில் தெமிஸ்டாக்ளிஸ் குளுக் 1890இல் யானைத் தந்தத்தால் கீல் போன்ற முழங்கால் செய்து, காசநோய் அரித்த மூட்டுகளில் வைத்துப் பார்த்தார். கிருமித் தொற்றுக்கு முன் அது நிற்கவில்லை. 1950களில் அமெரிக்காவின் மெக்கீவரும் டொரன்டோவின் மேக்கின்டாஷும் தேய்ந்த பக்கத்தில் மட்டும் ஒரு தகட்டைச் செருகி வலியைக் குறைக்க முயன்றனர். ஆக, பாதியை மட்டும் சரிசெய்யும் எண்ணம், இன்று நாம் காணும் முழு மூட்டுக்கு முன்பே பிறந்துவிட்டது.

உலோகம் பாலிஎத்திலீன்மேல் வழுக்கும்படி அமைத்துச் சிமெண்டால் ஒட்டும் உத்தியை இடுப்பு மூட்டில் வெற்றிபெறச் செய்தவர் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. அவருடைய ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணியாற்றிய கனடாக்காரர் ஃபிராங்க் கன்ஸ்டன் அதையே 1968இல் முழங்காலுக்குக் கொண்டுவந்தார். 1972இல் லாஸ் ஏஞ்சலஸில் லெனார்ட் மார்மோர் ஒரு பகுதி மூட்டை அறிமுகப்படுத்தினார். அதன்பின் ஈராண்டுக்குள் நியூயார்க்கில் ஜான் இன்சால், சித்தரஞ்சன் ரணாவத், பொறியாளர் பீட்டர் வாக்கர் மூவரும் சேர்ந்து உருவாக்கிய ‘டோட்டல் கான்டைலர்’ வந்தது. இன்றைய முழு மூட்டுகளின் மூதாதை அதுதான். (2000இல் மும்பையில் பிரதமர் வாஜ்பாயியின் முழங்காலை மாற்றியவர் இதே ரணாவத். இந்த அறுவை இந்தியாவில் வீட்டுப் பேச்சானது அப்போதுதான்.)

இன்சால் பகுதி மூட்டையும் செய்து பார்த்தவர். 1976லும் 1980லும் அவர் வெளியிட்ட முடிவுகள் மோசமாக இருந்தன. நியூயார்க்கின் குரல் கனமானது. பலர் பகுதி மூட்டைக் கைவிட்டார்கள். 1989இல் அறுவை மருத்துவர்கள் கோசினும் ஸ்காட்டும் வகுத்த நிபந்தனைகள் வாசலை மேலும் குறுக்கின: வயது 60க்கு மேல், எடை 82 கிலோவுக்குக் கீழ், அதிக உடலுழைப்பு கூடாது. இத்தனையும் பொருந்துபவர்கள் சிலரே.

எதிர்த் திசையில் நடந்தவர்கள் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தார்கள். அறுவை மருத்துவர் ஜான் குட்ஃபெல்லோவும் பொறியாளர் ஜான் ஓ’கானரும் இரண்டு உலோகப் பாகங்களுக்கு நடுவே நகரும் பிளாஸ்டிக் தட்டு ஒன்றை வைத்தார்கள். முதலில் அதை மூட்டின் இரு பக்கங்களிலும் பொருத்தியவர்கள், 1982 முதல் உள்பக்கத்துக்கு மட்டும் பயன்படுத்தினர். கால்பந்து வீரர்களின் காயச் செய்திகளில் அடிபடும் ஏ.சி.எல். தசைநார் அறுபடாமல் இருந்தால் தேய்மானம் உள்பக்கத்தின் முன்பகுதியோடு நிற்கிறது என்பது அவர்களின் முக்கியமான கண்டுபிடிப்பு. வயதும் எடையும் பின்னுக்குப் போயின. தசைநாரின் நிலை முன்னுக்கு வந்தது. இப்படித் தேர்ந்தெடுத்த 143 முழங்கால்களில் பத்தாண்டுக்குப் பிறகும் 98 சதவீதம் நிலைத்ததாக 1998இல் எழுதினார்கள். உருவாக்கியவர்களே சொன்ன கணக்கு என்று சந்தேகப்படலாம். ஆனால் ஸ்வீடனின் ஷோவ்டே நகர மருத்துவர்கள் தனியாகச் செய்து 2001இல் வெளியிட்ட கணக்கும் 95 சதவீதம் காட்டியது.

இருந்தும் மூட்டு மாற்றுகளைக் குறித்துவைக்கும் தேசியப் பதிவேடுகள் வேறு கதை சொல்லின. எந்த நாட்டில் பார்த்தாலும் பகுதி மூட்டு மறு அறுவைக்கு அதிகமாகத் திரும்பியது. குட்ஃபெல்லோ குழு 2010இல் நியூசிலாந்துப் பதிவேட்டைப் புரட்டி ஒரு கூர்மையான கேள்வி கேட்டது. அறுவைக்குப் பின்னும் கடும் அவதியில் இருந்தவர்களை மட்டும் பிரித்தெடுத்தால், பகுதி மூட்டு வைத்தவர்களில் 63 சதவீதத்தினருக்கு மறு அறுவை நடந்திருந்தது. முழு மூட்டு வைத்தவர்களில் 12 சதவீதத்தினருக்கு மட்டுமே. பகுதியை முழுமையாக மாற்றுவது எளிது, அதனால் மருத்துவர் கத்தியை எடுக்கிறார். முழு மூட்டைப் பிரித்து மீண்டும் வைப்பது கடினம், அதனால் வலியோடு வாழச் சொல்கிறார். அப்படி வலியோடு வாழ்பவர் பதிவேட்டில் வெற்றியாகவே பதிவாகிறார். இந்த வாதம் பகுதி மூட்டின் எல்லாக் குறைகளையும் கழுவிவிடாது. ஆனாலும் எண்களைப் படிக்கும் விதத்தை அது மாற்றியது என்பதை மறுக்க முடியாது.

பிரிட்டனில் 2014இல் லிடில் குழு பதிவேட்டின் ஒரு லட்சம் முழங்கால்களை ஒப்பிட்டது. முழு மூட்டு வைத்த நூறு பேருக்குப் பகுதி மூட்டு வைத்திருந்தால், நான்கு ஆண்டுக்குள் சுமார் ஒரு மரணம் குறைந்திருக்கும். மறு அறுவை மூன்று கூடியிருக்கும். 2019இல் வெளியான டாப்காட் ஆய்வு 528 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து ஐந்தாண்டு கவனித்தது. 48க்கு 38, 37 என மூட்டு மதிப்பெண்ணில் இரு தரப்பும் ஏறக்குறைய சமம். செலவு பகுதி மூட்டில் குறைவு. பொருத்திய மூட்டின் ஆயுளில் மட்டும் முழு மூட்டின் கை ஓங்கியிருக்கிறது. 25 ஆண்டு தாக்குப்பிடிப்பவை முழு மூட்டில் 82 சதவீதம், பகுதியில் 70 என்று அதே ஆண்டு எவான்ஸ் குழு கணித்தது.

கை பழகாத மருத்துவரிடம் பகுதி மூட்டு அதிகம் தோற்கிறது. தன் முழங்கால் அறுவைகளில் ஐந்தில் ஒன்றையாவது பகுதி மூட்டாகச் செய்பவரிடம் தோல்வி கணிசமாகக் குறைகிறது. தரையில் உட்கார்ந்து எழும் கொரியர்களிடம் ஆக்ஸ்ஃபோர்டின் நகரும் தட்டு இடம் பெயர்வது மேலைநாட்டாரைவிட அதிகமாகப் பதிவாகியுள்ளது. சம்மணமிட்டுச் சாப்பிடுபவர்களுக்குத் தட்டு நகராத வகையே மேல் என்று சொல்லும் அறுவை மருத்துவர்களும் இருக்கிறார்கள்.