ஃபுட் பாய்சன் ஆனால் எப்போது ஆஸ்பத்திரிக்குப் போகணும்? ‘தானா சரியாகிடும்’னு காத்திருப்பது ஏன் ஆபத்து?

பெரம்பலூர் மாவட்டம் எறையூர் என்றதும் முன்பெல்லாம் சர்க்கரை ஆலைதான் ஞாபகத்துக்கு வரும். 2022 நவம்பரில் சிப்காட் தொழிற்பூங்காவும் வந்துவிட்டது. தொழிற்சாலை வரும் இடத்தில் கேன்டீன், விடுதி, சாலையோரக் கடை எல்லாம் கூடவே வரும். ஒரே அடுப்பில் நூற்றுக்கணக்கானோருக்குச் சமைக்கும்போது ஏதாவது தவறு நடந்தால், பாதிப்பும் மொத்தமாகத்தான் வரும்.

2021 டிசம்பரில் இதைத் தமிழ்நாடு பார்த்தது. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் 150-க்கும் மேற்பட்டோர், விடுதி உணவால் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். யார் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் என்ற தகவல் தோழிகளுக்குக் கிடைக்கவில்லை. சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவி, சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் விடிய விடிய மறியல் நடந்தது. யாரும் இறக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பலர் ஒரே நேரத்தில் பாதிக்கப்பட்டால், யாரை எந்த மருத்துவமனைக்கு அனுப்பினோம் என்று ஒருவர் பேப்பரில் எழுதி வைப்பது அவ்வளவு முக்கியம்.

எப்போது உடனே போகணும்?

பெரும்பாலானோருக்கு இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் மலத்தில் ரத்தம், 102 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தண்ணீர் குடித்தாலும் வாந்தி, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, எழுந்தால் தலைசுற்றல், இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், சர்க்கரை நோயாளி என்றால் இதற்கும் முன்பே கிளம்பணும். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயது மாணவி உயிரிழந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

மெடிக்கலில் ‘ஒரு செட் மாத்திரை’ வாங்கிப் போடுவதுதான் நம் ஊரில் பெரிய சிக்கல். காய்ச்சலோ ரத்தமோ இருக்கும்போது பேதியை நிறுத்தும் மாத்திரை போட்டால், கிருமி உள்ளேயே தங்கி நிலைமை மோசமாகலாம்.

கிளம்பும் வரை என்ன கொடுக்கணும்?

ஓ.ஆர்.எஸ். கரைசல்தான். பாக்கெட்டில் 200 மில்லியா, 1 லிட்டரா என்று பார்த்து, அந்த அளவு தண்ணீரில் முழுசாகக் கரைக்கணும். பாதி பாக்கெட், கண் அளவு எல்லாம் கூடாது. பாக்கெட் இல்லையா? ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஸ்பூன் தலைதட்டியதாக இருக்கட்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டு வந்த இனிப்பு பானங்களை நம்பி ஏமாந்தவர்கள் நிறைய. ஹைதராபாத் குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருடம் போராடியதற்குப் பிறகு, 2025 அக்டோபரில்தான் அந்தப் பெயரைப் பயன்படுத்த உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டது.

எறையூரிலிருந்து எங்கே போவது?

லேசான பாதிப்பு என்றால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் போதும். மேலே சொன்ன அறிகுறி இருந்தால் 108-ஐ அழைத்து, நேராகப் பெரம்பலூர் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனை. தேவைப்பட்டால் அங்கிருந்தே அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ திருச்சிக்கோ அனுப்புவார்கள். போகலாமா வேண்டாமா என்று குழப்பமா? 104-ல் ஆலோசனை கேட்கலாம். இ.எஸ்.ஐ. அட்டை இருப்பவர்கள் அதையும் கையோடு எடுத்துப் போங்கள்.

டாக்டரிடம் என்ன சொல்லணும்?

கடைசியாகச் சாப்பிட்டதை மட்டும் சொன்னால் போதாது. சில நச்சு ஒரு மணி நேரத்திலேயே வாந்தியைக் கொண்டுவரும். சால்மோனெல்லா போன்ற கிருமி ஆறு மணி நேரம் முதல் ஆறு நாள் வரை எடுத்துக்கொள்ளும். பழி கடைசியாகச் சாப்பிட்ட பரோட்டா மேல் விழும், காரணம் முந்தாநாள் பிரியாணியாக இருக்கும்!

இன்னொன்று, பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் மாவட்டம் இது. மருந்து அடித்த காட்டில் வேலை பார்த்துவிட்டு வாந்தி வந்தால், அதைக் கட்டாயம் சொல்லுங்கள். எச்சில் ஒழுகுவது, அதிகமாக வியர்ப்பது, கண்மணி சுருங்குவது பூச்சிக்கொல்லி விஷத்தின் அறிகுறிகள். அதற்கான சிகிச்சையே வேறு.

புகார், இழப்பீடு?

உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற எண்ணில் வாட்ஸ்அப் செய்யலாம். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006-ன் 65-வது பிரிவின்படி, விற்றவர் மீது தவறு நிரூபணமானால், உயிரிழப்புக்குக் குறைந்தது 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரை, மற்ற பாதிப்புகளுக்கு 1 லட்சம் வரை இழப்பீடு உண்டு. ஆனால் ஆதாரம் வேண்டுமே! ஓ.பி. சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, கடை பில் மூன்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். மிச்சமிருக்கும் சாப்பாட்டைக் கோபத்தில் குப்பையில் கொட்டாமல், மூடி ஃபிரிட்ஜில் தனியாக வைத்து, யாரும் எடுத்துச் சாப்பிடாதபடி மேலே எழுதியும் ஒட்டிவிடுங்கள்.