கணினியைப் புதுப்பித்த பின் வன்தட்டு எழுத மறுத்தால்

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில் நான் எடுத்த ஒலிப்பதிவுகள் ஒரே வன்தட்டில் இருந்தன. அதில் பேசிய அம்மாக்கள் சிலர் இன்று உயிரோடு இல்லை. மாத்தளையில் ஒரு கடையில் கணினிக்குப் புதிய மதர்போர்டும் ரேமும் போட்டேன். அன்றிரவே கோப்புகளைப் பிரதி செய்யும்போது, எழுத முடியவில்லை என்ற செய்தி திரும்பத் திரும்ப வந்தது.

"டிஸ்க் முடிஞ்சிருச்சு அக்கா, ஃபோமட் பண்ணிப் பார்ப்போமா?" என்றார் கடைத் தம்பி. நல்லவேளை, வேண்டாம் என்றேன். தட்டில் எந்தப் பழுதும் இருக்கவில்லை.

நேற்றுவரை ஓடிய தட்டு, உதிரிப்பாகம் மாற்றிய அன்றே பிழை காட்டினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மாற்றியதையும் கழற்றிப் பூட்டியதையும்தான். அதற்கு முன், அந்தத் தட்டில் எழுதுவதை நிறுத்துங்கள். செக்டிஸ்க் திருத்தத்தையும் ஓட்ட வேண்டாம். அது தட்டிலேயே மாற்றங்களை எழுதும். ரேம் பழுதாக இருந்தால் திருத்தமும் பிழையாகவே நடக்கும்.

அடுத்து, தட்டு தன்னைப் பற்றி வைத்திருக்கும் ஸ்மார்ட் பதிவைப் பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். 5ஆம், 197ஆம் வரிகள் தட்டின் பரப்பில் ஏற்பட்ட சேதத்தைச் சொல்பவை. 199ஆம் வரி, தட்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையில் தகவல் சிதைந்த தடவைகளின் எண்ணிக்கை. என்னுடையதில் முதல் இரண்டும் பூச்சியம். 199 ஏறிக்கொண்டே போனது. சாட்டா கேபிளை மாற்றினேன், நின்றுவிட்டது. எண் பூச்சியத்துக்குத் திரும்பாது. மேலும் ஏறாவிட்டால் சரி. (இந்த மென்பொருள் எண்களைப் பதினாறடிமானத்தில் காட்டும்; 10 என்று கண்டால் அது 16. நான் அரை மணிநேரம் குழம்பியது இதில்தான்.)

199 அசையாமல் இருந்தும் பிழை வந்தால் மின்சாரத்தைப் பாருங்கள். பழைய பவர் சப்ளையில் புதிய கிராஃபிக்ஸ் கார்டையும் இரண்டாவது தட்டையும் ஏற்றினால், தட்டு சுழலத் தொடங்கும் நேரத்தில் வலு போதாமல் அது துண்டித்துப் போகலாம். ஒரு வயரை இரண்டாகப் பிரிக்கும் மலிவான இணைப்பிகளைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள்.

எனக்கு அதிகம் பயம் ரேமில்தான். கேபிள் பிழை சத்தம் போடும். ரேம் பிழை பேசாமல் இருக்கும். பிரதி முடிந்துவிட்டதாகக் கணினி சொல்லும், மாதங்கள் கழித்துத் திறந்தால் ஒலிப்பதிவு பாதியில் கரகரக்கும். புதிய ரேம் போட்டால் ஓர் இரவு முழுக்க மெம்டெஸ்ட்86 ஓட விடுங்கள். பிழை ஒன்று வந்தாலும் அந்த ரேமோடு எதையும் பிரதி செய்யாதீர்கள்.

5உம் 197உம் ஏறினால் தட்டே சாகிறது. அப்போது கோப்பு கோப்பாக இழுக்காமல், டிடிரெஸ்கியூ மூலம் முழுத் தட்டையும் வேறொரு பெரிய தட்டுக்கு எடுங்கள். அது வாசிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, சேதமான இடங்களுக்குப் பிறகு வரும். இடையில் மின்சாரம் போனாலும், வரைபடக் கோப்பு ஒன்றைக் கொடுத்திருந்தால், விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இன்னொன்று. வைத்தியசாலை வளவில் 2012 நவம்பரில் வெளிப்பட்ட புதைகுழியிலிருந்து 150க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்ட ஊர் மாத்தளை. சாட்சி சொன்னவரின் பெயர் எவ்வளவு பாரமானது என்று இங்கே விளக்கத் தேவையில்லை. கணினியைக் கடையில் கொடுக்கும் முன் தட்டைக் கழற்றி வீட்டில் வையுங்கள். பிட்லொக்கர் பூட்டு போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணை முதலே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மதர்போர்டு மாறியதும் கணினி அதைக் கேட்கும்.

என் பதிவுகள் இப்போது மூன்று தட்டுகளில் இருக்கின்றன. ஒன்று வவுனியாவில், ஒரு சிநேகிதி வீட்டு அலுமாரியில்.