"அந்தப் பல்லைத்தான் அப்பவே அடைச்சாச்சே சார்!"

போன மாசம் ஒரு நைட் டூட்டி. ஐம்பது வயசு இருக்கும், ஒரு அண்ணன் காஷுவாலிட்டிக்கு வந்தார். தாடைக்கு அடியில் கல்லு மாதிரி வீக்கம். வாயில் ஒரு விரல்கூட நுழையவில்லை. எச்சிலை முழுங்க முடியாமல் துண்டில் துப்பிக்கொண்டே இருந்தார். எந்தப் பல்லுண்ணே வலிச்சதுன்னு கேட்டேன். கீழ்க் கடைவாய்ப் பக்கம் கை காட்டிவிட்டு, "அது இருக்காது சார், அதை அப்பவே அடைச்சாச்சு" என்றார்.

அப்பவே என்றால் 14 வருஷம் முன்னாடி. அதன் பிறகு அந்தப் பல்லை யாரிடமும் காட்டியதில்லை. இரண்டு வருஷம் முன்னாடி நாலு நாள் வலித்ததாம், தானாக நின்றுவிட்டதாம்.

அது நின்றதுதான் ஆபத்து. அடைப்புக்கு அடியில் சொத்தை போய், பல்லின் உயிர்ச்சதை செத்துவிட்டால் வலி நிற்கும். கிருமி நிற்காது. வேர் வழியாக எலும்புக்கு, அங்கிருந்து கழுத்துக்கு. மூச்சுக்குழாயை நெருக்கினால் உயிருக்கே ஆபத்து. இவருக்கு சீழை வெளியேற்றி, பல்லை எடுத்து, ஒரு வாரம் வார்டில் வைத்திருந்து அனுப்பினோம்.

நான் பல் டாக்டர் இல்லை, வெறும் எம்.பி.பி.எஸ். ஆனால் அந்த "அடைச்சாச்சு" மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. டூட்டி முடிந்து பல் மருத்துவ நண்பர்களை நச்சரித்துப் படித்ததுதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

பல்லை அடைப்பது நேற்று வந்த பழக்கம் இல்லை. ஸ்லோவேனியாவில் கிடைத்த சுமார் 6,500 வருஷப் பழைய தாடை எலும்பு ஒன்றில், விரிசல் விட்ட பல்லின் மேல் தேன்மெழுகு வைத்திருக்கிறார்கள். உயிரோடு இருக்கும்போது வைத்ததா, செத்த பிறகா என்பதை ஆய்வாளர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நிஜமான சண்டை 1800களில் அமெரிக்காவில் நடந்தது. அப்போது நல்ல அடைப்பு என்றால் தங்கத் தகடு. துளித்துளியாக வைத்து அடித்து இறுக்க வேண்டும். நேரமும் காசும் ஏகத்துக்கு ஆகும். 1833-ல் கிராக்கோர் சகோதரர்கள் ஐரோப்பாவிலிருந்து நியூயார்க்குக்கு வெள்ளியும் பாதரசமும் கலந்த ஒரு பசையைக் கொண்டுவந்தார்கள். மெத்தென்று இருக்கும், குழியில் வைத்து அழுத்தினால் இறுகிவிடும். விலையும் மலிவு. ஆனால் சொத்தையைச் சுரண்டாமலே அதன் மேல் வைத்து அப்பினார்கள், அதனால் பெயர் கெட்டது.

அங்கிருந்த பல் மருத்துவர் சங்கம் கொதித்துப்போய், 1845-ல் "இந்தப் பாதரசக் கலவையைத் தொடவே மாட்டேன்" என்று உறுப்பினர்களிடம் எழுதி வாங்கியது. பாதரசம் நஞ்சு என்ற பயம் நியாயமானதுதான். தங்கத்தில் வந்த வருமானமும் அதில் கலந்திருந்தது என்பது என் சந்தேகம். எப்படியோ, ஏழை சனங்களுக்கு மலிவு அடைப்பு தேவைப்பட்டது, மருத்துவர்கள் வைத்துக்கொண்டே இருந்தார்கள். 1856-ல் சங்கமே கலைந்துபோனது.

அந்தக் கலவையை ஒழுங்குபடுத்தியவர் ஜி.வி. பிளாக். சுருங்காமலும் அதிகமாக விரியாமலும் இருக்கும் விகிதத்தை 1890களில் கண்டுபிடித்தார். ஆனால் வெள்ளி அடைப்பு பல்லில் ஒட்டாது. அதனால் குழியைக் குடம் மாதிரி, வாய் குறுகலாகவும் வயிறு அகலமாகவும் வெட்ட வேண்டும். நாளைக்குச் சொத்தை வரக்கூடிய பக்கத்துப் பள்ளங்களையும் இன்றே வெட்டி அடைத்துவிடு என்றார் பிளாக். ஃப்ளோரைடு பேஸ்ட் இல்லாத காலம், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் போனது நல்ல பல். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் குழி பெரிதாகும். சின்ன அடைப்பு பெரிய அடைப்பாகி, அப்புறம் வேர் சிகிச்சை, கேப், கடைசியில் பல்லே போய்விடும்.

இதை மாற்றியது ஒரு பெயின்ட் சமாச்சாரம். உலோகத்தில் பெயின்ட் நன்றாக ஒட்டுவதற்காக ஆலைகளில் பாஸ்பாரிக் அமிலம் பூசுவார்கள். 1955-ல் புவனகோரே என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் அதையே எனாமலில் பூசிப் பார்த்தார். எனாமல் சொரசொரப்பானது, பிசின் கப்பென்று பிடித்துக்கொண்டது. 1962-ல் ரஃபேல் போவன் உருவாக்கிய பிசின்தான் இன்றைய பல் நிற காம்போசிட்டுக்கு அடிப்படை. இனி குடம் வெட்ட வேண்டாம், சொத்தையை மட்டும் எடுத்தால் போதும்.

ஆனால் காம்போசிட் இறுகும்போது லேசாகச் சுருங்கும். வைக்கும்போது எச்சில் பட்டால் ஒட்டாது. 2014-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, கடைவாய்ப் பல்லில் காம்போசிட் தோற்பதற்கான வாய்ப்பு வெள்ளி அடைப்பைவிடக் கிட்டத்தட்ட 2 மடங்கு. அதில் இருந்தவை பழைய பொருட்களை வைத்துச் செய்த ஆய்வுகள், இப்போது நிலைமை தேறியிருக்கிறது. பொதுவாக வெள்ளி 10–15 வருஷம், காம்போசிட் 7–10 வருஷம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். 30 வருஷம் தாங்கியதும் உண்டு, 2 வருஷத்தில் கழன்றதும் உண்டு.

மினமாட்டா ஒப்பந்தம் 2013-ல் வந்த பிறகு உலகமே பாதரசத்தைக் குறைத்து வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 தொடக்கத்திலிருந்து வெள்ளி அடைப்பை, சில விதிவிலக்குகள் போக, நிறுத்திவிட்டது. அதற்காக வாயில் நன்றாக இருக்கும் அடைப்பைப் பயந்துபோய்த் தோண்டாதீர்கள். தோண்டும்போதுதான் பாதரச ஆவி அதிகம் வரும், நல்ல பல்லும் போகும்.

அடைப்பு பெரும்பாலும் நடுவில் தோற்பதில்லை, ஓரத்தில்தான். பல்லும் அடைப்பும் சேரும் அந்த மயிரிழையில் புதுச் சொத்தை நுழையும். அங்கே தினமும் சோறு சிக்குகிறதா? நாக்கில் கூராகத் தட்டுகிறதா? ஜில்லென்று குடித்தால் கூசுகிறதா? உடனே காட்டுங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் வருஷம் ஒருமுறை. சுகர் இருந்தால் 6 மாசம். ஃப்ளோரைடு பேஸ்ட்டில் இரண்டு வேளை பல் துலக்குங்கள், ராத்திரி வேளை ரொம்ப முக்கியம். அடைத்த பல்லால் சோடா மூடி திறக்கும் வீரர்களுக்கு நான் என்ன சொல்ல!

டிஸ்சார்ஜ் அன்று அந்த அண்ணன் கேட்டார்: "இன்னும் ரெண்டு பல்லு அடைச்சிருக்கு சார், அதையும் பிடுங்கிடலாமா?"

வேண்டாம்ணே என்று பல் ஓ.பி.க்கு அனுப்பினேன். எக்ஸ்ரேயில் ஒன்று நன்றாக இருந்தது, அதைத் தொடவில்லை. இன்னொன்றில் ஓரம் மட்டும் உடைந்திருந்தது. அந்த ஓரத்தை மட்டும் சரிசெய்து, 6 மாசம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். தேதியைச் சீட்டின் பின்னால் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.